நிற்கக்கூடாத ஏற்றம்

அம்மன் சிலையை ஏற்றியதும் ட்ரெய்லரின் டயர்கள் பிதுங்கின. கருங்கல் சிலை, அதற்கான கல் பீடம், வாசலில் நிறுத்துகிற இரண்டு காவல் சிலைகள். மஹய்யாவையில் ஒரு வீட்டு முற்றத்தில் மாதக்கணக்காக வைக்கோலுக்குள் கிடந்தவள், கலஹாவுக்கு மேலே என் மனைவி பிறந்த தோட்டத்துக்கு அன்று போகிறாள். பெரிய லொறி பிடித்திருக்கலாம். மழையில் மண் சரிந்த பிறகு தோட்டத்துப் பாலத்தில் லொறிகளை விடுவதில்லை. ஆகவே நான் சாரதியாக இருக்கிற ஹார்ட்வெயார் கடையின் கெப்பில், பின்தட்டு திறந்த அந்தச் சின்ன வண்டியில், ட்ரெய்லரைக் கட்டி இழுப்பதென்று முடிவானது. முதலாளியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் போய்க் கேட்டாள்.

முதலாளி சாவியைக் கையில் தரும்போது சொன்னார்.

"தம்பி, இது ஓட்டோ கியர். மலையில பாரம் இழுத்தா கியர் பெட்டி கொதிச்சுப் போயிரும். சிவப்பு வெளக்கு பத்தினா ஓரமாக்கி நிப்பாட்டுங்க. நியூட்ரல்ல போட்டு எஞ்சின ஓட விடுங்க. ஆறுற வரைக்கும் ஏற வேணாம். விளங்குதா?"

தலையாட்டினேன்.

கெப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மனைவியின் சித்தப்பா. கோயில் கமிட்டித் தலைவர். எனக்கு மாமா முறை. கதவைச் சாத்தியதும் அவர் சொன்ன முதல் பேச்சே வேறு.

"மாப்புள, தோட்டத்து எல்லையத் தாண்டுனா கோயில் வரைக்கும் எங்கயும் நிக்கக் கூடாது. நின்னா அம்மா அங்கயே உக்காந்துருவா. பெறகு எத்தன பேரு இழுத்தாலும் அசைய மாட்டா."

அதற்கும் தலையாட்டினேன்.

பேராதனைச் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றோம். கெப்பின் பின்தட்டில் சக்கரத்துக்கு அணை கொடுக்கிற மரக்கட்டையோடு உட்கார்ந்திருந்த மச்சான், மனைவியின் அண்ணன், ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"சித்தப்பா, அம்மா நின்னுட்டாளே! கோயில இங்கயே கட்டிருவோமா? பஸ் வசதியும் இருக்கு."

"வாய மூடுடா. எல்லையே இன்னும் வரல. அதோட லைட்டுல நிக்கிறது கவர்மெண்டு நிப்பாட்டுறது. நாமளா நிப்பாட்டுனாத்தான் தப்பு."

தோட்டத்து எல்லையில் சனம் காத்திருந்தது. தப்பு மேளம் அடிப்பவர்கள் முன்னால் போனார்கள். மற்றவர்கள் எல்லோரும் ட்ரெய்லருக்குப் பின்னால் வந்தார்கள். அம்மன் முகம் பின்பக்கம் பார்க்கும்படி சிலையைக் கட்டியிருந்ததால், பின்னால் வந்தால்தான் கும்பிட முடியும். கண் திறக்கிற சடங்கு கோயிலில்தான் நடக்கும். அதுவரை அவள் பார்வை ஆட்கள்மேல் விழக்கூடாது என்று மஞ்சள் துணியால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். என் மனைவி தலையில் பால்குடத்தோடு முன்வரிசையில் வந்தாள். பக்கக் கண்ணாடியில் அவளுடைய அரக்குச் சேலை தெரிந்தது. இடுப்பில் பிள்ளையோடு சில பெண்களும் வந்தார்கள்.

ஏற்றம் தொடங்கியது. நடக்கிறவர்களின் வேகத்துக்குப் போக வேண்டும். அத்தனை பாரத்தை அந்த வேகத்தில் இழுப்பதுதான் கியர் பெட்டிக்கு ஆகாத வேலை. ஏசியை நிறுத்தினேன். கியரைக் கீழே இறக்கி வைத்தேன். சூட்டுக் காற்றை முழுவதுமாக உள்ளே திறந்துவிட்டேன்.

"என்ன மாப்புள, வெளிய குளிரு, உள்ள அடுப்பு மாதிரி இருக்கு?"

"எஞ்சின் சூட்ட இந்தப் பக்கம் எடுத்தா, கியர் பெட்டிக்குக் கொஞ்சம் லேசு மாமா."

"அப்ப என்னைய அவிச்சு அம்மாவுக்குப் படைக்கப் போறீங்க."

சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வளைவுக்கு முன்னால் அந்த வாசம் வந்தது. சட்டியில் எண்ணெய் கருகுகிற மாதிரி, அதைவிடக் கொஞ்சம் இனிப்பான வாசம். அடுத்த வளைவில் சிவப்பு விளக்கு பற்றியது.

கண்ணாடியைப் பார்த்தேன். அம்மனுக்கும் சனத்துக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம்கூட இல்லை. கியர் விட்டுப்போனால் ட்ரெய்லர் பின்னால் போகும். ட்ரெய்லருக்குப் பிரேக் கிடையாது. இதை மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பாதி வழியில் மூடிக் கிடக்கிற தேயிலை ஸ்டோர் ஒன்று உண்டு. தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதன் முன்னால் பரந்த, சமமான முற்றம். வண்டியை அதற்குள் திருப்பினேன். நிற்கவும் கூடாது, ஏறவும் கூடாது. சமதரையில் மெல்ல ஓடினால் பாரம் தெரியாது, எண்ணெய் ஆறும் என்று என் கணக்கு.

"எங்க மாப்புள போறீங்க?"

"சுத்திட்டுப் போறேன் மாமா."

ஸ்டோரின் மூலையில் ரோதமுனியின் சிறிய கோயில் இருந்தது. இயந்திரங்களுக்குக் காவல் நிற்கிற சாமி. அந்தச் சாமிக்கு மரியாதையாகத்தான் அம்மன் சுற்றுகிறாள் என்று சனம் எடுத்துக்கொண்டது. தப்புச் சத்தம் கூடியது. பெண்கள் குலவை போட்டார்கள். போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எல்லோரும் எனக்குப் பின்னால் சுற்றி வந்தார்கள். விளக்கு அணையவில்லை.

"மூணு சுத்து ஆச்சு. போதும் மாப்புள."

நான் நான்காவது சுற்றுக்குத் திருப்பினேன்.

"மாப்புள! மூணுதான் முற. இது என்னா வெளையாட்டு?"

"மாமா, கியர் பெட்டி கருகுது." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "கியர் பெட்டி கருகுது. மேல ஏறும்போது விட்டுப்போச்சுன்னா வண்டி பின்னாலதான் போகும். பின்னால ஆள் இருக்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நடக்கச் சொல்றீங்களா?"

இன்னும் ஒரு சுற்று போனோம். விளக்கு அணைந்தது. வாசம் மட்டும் போகவில்லை. முற்றத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில் மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"எல்லாரும் முன்னால வாங்க! அம்மா ஊருக்குப் புதுசு. வழி காட்டிக்கிட்டு நடங்க! ஒருத்தரும் பின்னால நிக்கக் கூடாது!"

கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் வந்தார்கள். மனைவி என் ஜன்னலைக் கடக்கும்போது, "என்னாங்க, மொகம் ஏன் இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். "நட" என்றேன். மச்சான் மட்டும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ட்ரெய்லரின் பக்கவாட்டில் நடந்தான்.

கடைசி வளைவில் மரநிழல் விழுந்து கொங்கிரீட்டில் பாசி பிடித்திருந்தது. மேலே கோயில் கொடி தெரிந்தது. விளக்கு மறுபடியும் பற்றியது. உடனே எஞ்சின் வீறிட்டது. சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. காலுக்குக் கீழே ஏதோ கையை விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடித்தது, டயர் பிடிக்கவில்லை. பாசியில் மெதுவாகப் பின்னால் போனோம். மச்சான் கட்டையை எறிந்தான். அது நசுங்கித் தெறித்தது. "வெளிய பாய்ஞ்சிராத மச்சான், பிரேக்கப் பிடி, பிடி!" என்று கத்திக்கொண்டே விலகி ஓடினான். ட்ரெய்லர் மலைப்பக்கம் மடங்கும்படி சுக்கானைத் திருப்பினேன். அது பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி மண்சுவரில் மோதி நின்றது. கெப் ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

முன்னால் போனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தப்பு இன்னும் கொஞ்ச தூரம் ஒலித்துக்கொண்டே போய், ஒன்றொன்றாக நின்றது.

இறங்கிப் பின்னால் போனேன். ட்ரெய்லர் சறுக்கிய இடம் முழுவதும் பாசி உரிந்து வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தது. முன்னால் அனுப்பியிருக்காவிட்டால் அவர்கள் நடந்து வந்திருக்கக்கூடிய இடம். அம்மன் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். கண்ணைக் கட்டிய துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. ஆளில்லாத பாதையைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா தன் கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவித் துணியை மறுபடியும் கட்டினார். மனைவி பால்குடத்தை இறக்கவும் தெரியாமல் மேட்டில் நின்றாள்.

"மாமா, நான் நிப்பாட்டல."

"தெரியும் மாப்புள. நீங்க நிப்பாட்டல."

யார் நிறுத்தியது என்று அவர் சொல்லவில்லை. அன்று மாலையே சனம் அதை முடிவுசெய்துவிட்டது. அந்த வளைவில்தான் இப்போது கோயில் இருக்கிறது. ஏறுகிற வண்டிகள் நின்று, கற்பூரம் காட்டிவிட்டுப் போகின்றன.

கும்பிடத்தான் நானும் நிற்கிறேன். கதவைத் திறந்ததும் முதலில் மூக்குதான் அந்தக் கருகல் வாசத்தைத் தேடுகிறது. பிறகு திரும்பி, பின்னால் யாராவது நடந்து வருகிறார்களா என்று பார்க்கிறேன்.