மகானந்தாவின் இடது பக்கம்

"அம்பத்திரெண்டு வயசுல அது எதுக்குடி உனக்கு?" என்று அக்கா கங்கவ்வா கேட்டாள். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். சோளமாவில் விழுந்த அடி ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இவ்வளவு நாள் எதுக்குன்னு யாரும் கேக்கலியே அக்கா" என்றாள் மகானந்தா.

"பிள்ளைங்க வளந்தாச்சு. பாலா குடுக்கப் போற? கெட்டுப்போச்சுன்னா முழுசா எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருக்கிறத விட்டுட்டு, கொஞ்சமா எடுங்க, ஓரமா எடுங்கன்னு டாக்டர்கிட்ட பேரம் பேசிட்டு வந்திருக்கா."

மகானந்தா பேரம் பேசவில்லை. அப்படிச் செய்யலாம் என்று சொன்னதே டாக்டர்தான். இதை அவள் அக்காவிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். புருஷன் வழி மச்சினரிடமும், எதிர்வீட்டுப் பெண்ணிடமும் சொல்லிப் பார்த்திருந்தாள். எல்லாரும் கடைசிவரை கேட்டுவிட்டு மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். எதற்கு?

கதக் ஊர் பஸ் டிப்போவில் அவளை எல்லாருக்கும் தெரியும். ஹுப்பள்ளி வண்டியில் கண்டக்டர். குடித்துவிட்டு ஏறுகிறவன் அவள் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அவள் விசில் ஊதினால் டிரைவர் கேள்வி கேட்காமல் பிரேக்கை மிதிப்பார். டிக்கெட் பையின் வார் மார்பின் குறுக்கே உரசுகிற இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சொல்லாமல் டாக்டர் வீணா ஹிரேமட்டிடம் போனாள். படம் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். புற்றுதான் என்று வந்தது.

டாக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் வட்டம் போட்டார். உள்ளே சின்னதாய் ஒரு புள்ளி.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கட்டியையும், அதைச் சுத்திக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுத்துடுவேன். ஓரம் முழுக்கச் சுத்தமா இருக்கணும், அதுதான் கணக்கு. அக்குள்ல நெறிக்கட்டி இருக்கும். முன்னெல்லாம் கொத்தா எல்லாத்தையும் எடுத்துடுவாங்க, கை வீங்கும். இப்ப நீலச்சாயம் ஊசி போட்டு, முதல்ல எது நீலமாகுதோ அதை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அதுல ஒண்ணும் இல்லன்னா மத்ததைத் தொட வேண்டாம். அப்புறம் மார்புக்குக் கதிர்வீச்சு, கரண்ட்னு சொல்லுவாங்கள்ல, அது வைக்கணும்."

"முழுசா எடுத்துட்டா?"

"அதுவும் செய்யலாம். ஆனா அதனால ஆயுசு கூடாது. ரெண்டு விதமாவும் செஞ்சவங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்காங்க. ஒரே மாதிரிதான் பிழைச்சிருக்காங்க."

"அப்ப சின்னதாவே செய்யுங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். "வீட்ல பேசிட்டீங்களா?"

"கட்டி வீட்லயா இருக்கு? என் மேலதான மேடம் இருக்கு."

டாக்டர் சிரித்தார். அவருக்கு அந்தச் சிரிப்பு அபூர்வம். பெங்களூரில் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இதே வட்டத்தை எத்தனையோ பெண்களுக்குப் போட்டுக்காட்டியிருந்தார். எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது கூடவே கணவனின் அண்ணனோ சித்தப்பாவோ வருவார். வட்டத்தைப் பார்க்காத அந்த ஆள்தான் பேசுவார். "எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர், ரிஸ்க் வேணாம்." அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் முழுசாக எடுப்பார்.

மகானந்தாவின் புருஷன் ஈரண்ணா பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் டைலர். அதிகம் பேசமாட்டார். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்தினார். "உன் இஷ்டம் மகா" என்றார். அவர் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் அவ்வளவாவது சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம். ஆபரேஷன் முடிந்ததும் கதவைத் திறந்து, எடுத்ததைத் தட்டில் வைத்துச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் உள்ளே ஒன்றுமே செய்யவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். கங்கவ்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈரண்ணா பார்த்தார். பிறகு அதை ஒரு பாட்டிலில் போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றி, அவர் கையிலேயே கொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடம் கிடையாது. ஹுப்பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது சொந்தக்காரர்கள் வேலை.

"கீழ விழுந்துடாமப் பாத்துக்கோங்க. இன்னைக்கே போய்ச் சேரணும்" என்றாள் நர்ஸ்.

அவர் மனைவியின் வண்டியிலேயே ஏறினார். அன்றைக்கு அதில் அவளுக்குப் பதில் கண்டக்டர் சரணப்பா.

"என்ன டைலர், பையில ஊறுகாயா? கண்ணெல்லாம் எரியுது" என்று வந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துபோனான்.

பாட்டில் கசிந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் குழந்தை அழுதது. ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். ஈரண்ணா கடைசி சீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சதையில் கறுப்பு நூல் இரண்டு இடத்தில் தைத்திருந்தது. ஒன்று குட்டை, ஒன்று நீளம். நீள நூலின் நுனி வெளியே வந்து மூடியின் கழுத்தில் சிக்கியிருந்தது. அதனால்தான் மூடி இறுகவில்லை. தைத்து முடித்த துணியில் இப்படி நூல் தொங்கினால் அவர் கடையிலிருந்து வெளியே போகாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரி இருக்கும். மூடியைத் திறந்து, நீள நூலை வேரோடு வெட்டினார். குட்டையாக இருந்ததையும் விட்டுவைக்கவில்லை. அடி முடிச்சைக்கூடப் பிடுங்கி எடுத்தார். அப்புறம் மூடி இறுகியது. கசிவு நின்றது.

மறுநாள் மகானந்தா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். கூடப் போன கங்கவ்வா அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். "ஒண்ணுக்கு பச்சையாப் போகுது! விஷம் ஏறிடுச்சு, நர்சைக் கூப்பிடுங்க!"

"ஊசி போட்ட நீலச்சாயம்தாம்மா, ரெண்டு நாள்ல போயிடும்" என்றாள் நர்ஸ்.

"நான் முன்னாடியே சொன்னேன். முழுசா எடுத்திருந்தா இந்தச் சாயமெல்லாம் எதுக்கு?"

"அக்கா, நீ வீட்டுக்குப் போய் ரொட்டி தட்டு" என்றாள் மகானந்தா.

நீலமானதால் எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் அதை முதலில் சொன்னார். அப்புறம் தாளை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டியோட ஓரத்துல ஒரு பக்கம் சுத்தமா இல்ல. புத்து விளிம்பைத் தொட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"அதுதான் தெரியல. நான் ரெண்டு நூல் போட்டு அனுப்பினேன். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். அதை வெச்சுத்தான் லேப்ல எந்த ஓரம்னு சொல்லுவாங்க. நூலே இல்லன்னு எழுதியிருக்காங்க. நான் தைக்கலியாம். தைச்ச எனக்கே சொல்றாங்க."

ஈரண்ணா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நாந்தான் வெட்டினேன்" என்றார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். கோபப்படக்கூட முடியாத முகம்.

"மூடியில மாட்டியிருந்துச்சு மேடம். பஸ்ல எல்லாரும் கத்துனாங்க. பிசிறு தொங்குதுன்னு நெனச்சேன்."

"நூல் இருந்திருந்தா அந்த ஒரு பக்கத்துச் சுவரை மட்டும் ஒரு விரல் கனம் மறுபடி எடுத்திருப்பேன். சின்ன வேலை. இப்ப எல்லாப் பக்கமும் சீவணும். இல்லன்னா முழுசா எடுக்கணும்."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் ஈரண்ணா அவசரமாக. "நான் பாத்தேன் மேடம். எங்க இருந்துச்சுன்னு சொல்லுவேன். ஒரு தடவை பாத்தா எனக்கு உருவம் மறக்காது. லேப்ல போட்டோ எடுத்திருப்பாங்கள்ல, அதுல காட்டறேன்."

டாக்டர் கைகழுவும் இடத்திலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, கத்தரியால் அந்த உருவத்துக்கு ஏறக்குறைய வெட்டினார். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல்.

"இதுல வையுங்க."

ஈரண்ணா பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். டாக்டர் அதை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டினார். திருப்பி, கவிழ்த்து நீட்டினார். ஈரண்ணா அதை நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். புள்ளி வைத்தார். இரண்டையும் அருகருகே வைத்தபோது, முதலில் நீள நூல் அகலப் பக்கத்தில் இருந்தது. இரண்டாவதில் குறுகல் பக்கத்தில்.

"முதல்ல வெச்சதுதான் சரி" என்றார் ஈரண்ணா.

"இதை நம்பி நான் கத்தி வெக்க முடியாதுங்க."

"முப்பது வருஷமா என் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த ஆளு" என்றாள் மகானந்தா. "எந்தப் பக்கம்னு தெரியலியாம்."

"பிசிறைப் பாத்தா கை சும்மா இருக்காது மகா."

"உங்க கை சும்மா இருந்திருக்கணும்."

டாக்டர் தாளை மடித்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. விழக்கூடாதுன்னு சொன்னோம். திறக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல."

வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. மச்சினர் வந்திருந்தார். எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள். கங்கவ்வா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"கடவுளே சொல்லிட்டாருடி. இனிமேயாவது கேளு. ரெண்டாவது தடவை அறுத்து, அதுலயும் இருக்குன்னா மூணாவது தடவையா?"

அது நியாயமான கேள்வி. டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். மறுபடியும் ஓரம் சுத்தமில்லை என்றால் முழுசாக எடுப்பதுதான் வழி. உடம்பும் ஒல்லி. சுற்றிச் சீவினால் மிச்சம் எவ்வளவு இருக்கும், எந்த உருவத்தில் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மகானந்தாவுக்கும் பயம் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. நோய் சின்னது என்கிறார்கள். நெறிக்கட்டி சுத்தம் என்கிறார்கள். ஒரு பக்கத்தின் பெயர் தெரியாததால் எல்லாம் போக வேண்டும் என்றால்?

"நீங்க சொல்லுங்க தம்பி" என்றாள் கங்கவ்வா ஈரண்ணாவிடம்.

ஈரண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ இஷ்டம்" என்றார்.

"இதையாவது நிமிர்ந்து சொல்லுங்க" என்றாள் மகானந்தா.

அவர் நிமிர்ந்தார். "அவ முழுசா வேணாங்கிறா. நானும் வேணாங்கிறேன்."

மச்சினர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

இரண்டாவது ஆபரேஷனில் டாக்டர் குழியின் ஒவ்வொரு சுவரிலும் ஒரு வில்லை சீவி, தனித்தனி பாட்டிலில் போட்டார். மேல், கீழ், உள்பக்கம், வெளிப்பக்கம், அடி, முன் என்று ஒவ்வொன்றின் மேலும் தானே எழுதி ஒட்டினார். ஈரண்ணா வாசலில் நின்று கை நீட்டினார். டாக்டர் அவரைத் தாண்டிப்போய் பாட்டில்களைத் தன் காரில் வைத்தார். ஹுப்பள்ளிக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

முடிவு வந்த அன்று மகானந்தா தனியாக உள்ளே போனாள். ஈரண்ணாவும் கங்கவ்வாவும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள்.

"எல்லாச் சுவரும் சுத்தம்" என்றார் டாக்டர்.

"அப்ப எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"எதுலயும் மிச்சமில்ல. முதல்ல எடுத்ததோட விளிம்புலயே முடிஞ்சிருக்கும்."

"அப்ப ரெண்டாவதா அறுத்தது வீண்."

"சீவிப் பாத்ததாலதான் இதையே சொல்ல முடியுது."

"இதை உங்களால எப்படித் தாங்க முடியுது மேடம்?"

"தாங்க முடியலதான்" என்றார் டாக்டர். "எனக்கும் எரிச்சலா இருக்கு. புண்ணு ஆறினதும் கரண்ட் ஆரம்பிக்கணும். ஹுப்பள்ளிக்குத்தான் போகணும். ஞாயிறு தவிர தினமும்."

"தினமும் போற ஊருதான்."

அன்று காலையில் கட்டைப் பிரித்தபோது அவள் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள். இடது பக்கம் பாதியாகியிருந்தது. மேலே ஒரு பள்ளம், கட்டைவிரல் பதிந்த மாதிரி. அவள் நினைத்திருந்தது இது அல்ல.

வெளியே வந்ததும் கங்கவ்வா எழுந்தாள். "என்னடி சொன்னாங்க?"

"சுத்தமாம்."

"பாதி போயிடுச்சேடி. இதுக்கா இவ்வளவு பாடு?"

"பாதி இருக்குல்ல."

ஈரண்ணா பெஞ்சிலிருந்து எழவில்லை. சுத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் தோள் குலுங்க அழ ஆரம்பித்திருந்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ சாவு என்று நினைத்து ஒருத்தி ஒதுங்கி நடந்தாள்.

"அழுறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க" என்றாள் மகானந்தா. "எனக்கு இன்னும் கோவம் தீரல."

அவர் தலையாட்டினார். அழுகை நிற்கவில்லை. அவள் பெஞ்சின் மறு ஓரத்தில், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.