ரோஜாப்பூ உறைக்குள் ஒரு மூத்திரப் பை

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கூரை ஷீட் மாற்ற ஏறி, ஏறியதைவிட வேகமாக இறங்கிய வகையில் எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மூத்திரத்துக்கு ஒரு ரப்பர் குழாய், அதன் முடிவில் கட்டிலோரம் தொங்கும் பிளாஸ்டிக் பை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே நர்ஸம்மா சொன்னார்: "உங்களுக்கு வலி தெரியாது. உள்ள கிருமி சேந்தா பைதான் சொல்லும். நெறம் மாறினா ஒடனே வந்துடுங்க."

நிறம் பார்ப்பது எனக்குப் பெரிய காரியமா? உலையிலிருந்து வரும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொன்னவன் நான். ஆனால் கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் அக்கா அதற்கு முடிவு கட்டினாள்.

"இன்னாடா இது, வர்றவங்க முன்னாடி அசிங்கமா தொங்கவுட்டுக்கினு!"

அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். மறுநாளே மிச்சத் துணியில் ரோஜாப்பூ போட்ட உறை, சுருக்குக் கயிறு, குழாய்க்குத் தனியாக நீளச் சட்டை. அடடா, என் தீபாவளிச் சட்டைக்குக்கூட அப்படித் தையல் விழுந்ததில்லை.

சீரியல் இடைவேளையில் நலம் விசாரிக்க வந்தவர்கள் மெச்சினார்கள். "இருக்கறதே தெரியலபா!" அதுதானே வினை. என் மனைவி அடியிலிருக்கும் வால்வைத் திறந்து சிவப்பு மக்கில் பிடித்துக் கொட்டுவாள்; அதில் நிறம் எங்கே தெரியும்? உறையைக் கழற்ற மாட்டாள், நாத்தனார் மனசு நோகுமே.

ஒருநாள் குளிர் எடுத்தது. மழைக்காலம்தானே என்று கஷாயம் கொடுத்தார்கள். மறுநாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. திருப்பாச்சூரில் அர்ச்சனை செய்யச் சொன்னார் ஒரு மகராசன். வலி இல்லை, அதனால் யாருக்கும் பயமும் இல்லை. கடைசியில் நாற்றம் தாங்காமல் மனைவி உறையை உருவினாள். பையும் குழாயும் நாவல்பழ நிறம்.

"ஐயோ, இன்னாய்யா இது, ஊதாவா கீது!"

அப்போது எங்கள் தெருவில் செல்போன் வைத்திருந்த ஒரே புண்ணியவான் வேனைக் கூப்பிட்டான். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். பை நிறம் மாறிப் பல நாள் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். பிறகு மாணவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். அக்கா மூடி வைத்த குடும்ப மானத்தை அவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

பிழைத்து வீடு வந்தேன். அக்கா கத்தரிக்கோலை எடுத்து உறையைத் துண்டு துண்டாக வெட்டினாள்.

"மூடி மூடி உன்ன நானே கொன்னுக்கினு இருந்தேனேடா!" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அன்றிலிருந்து அக்கா வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராக வந்து குனிந்து பையைப் பார்ப்பாள். பிறகு, வீட்டில் எந்த விருந்தாளி உட்கார்ந்திருந்தாலும் சரி, தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்:

"மஞ்சளாத்தான் கீதுடா!"