லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம்

அண்ணனை லண்டனுக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவானதும் நான் முதலில் செய்த வேலை, பள்ளிக்கூட அட்லசில் கொழும்பையும் லண்டனையும் தேடிப்பிடித்து, இடையில் நூல் வைத்து அளந்ததுதான். அரபிக்கடலைத் தாண்டி, எனக்கு வாசிக்க வராத பெயர்களின் மேலாக நூல் போனது. ஐயாயிரம் மைலுக்கு மேல் வந்தது. பிளேனில் பதினொரு மணித்தியாலம் என்றான் அண்ணன். அவ்வளவு நேரம் காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா அந்த நூலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு விடியற்காலை அப்பாவும் அண்ணனும் எங்கள் ஊரான பழுகாமத்திலிருந்து தோணியில் வாவியைக் கடந்தார்கள். எங்கள் கரை போராளி இயக்கத்தின் கையில் இருந்தது. அக்கரை அரசாங்க ஆமியின் கையில். அங்கிருந்து அண்ணன் கொழும்புக்கு பஸ் எடுக்க வேண்டும். மத்தியானம் அப்பா தனியே திரும்பி வந்து, "பஸ் ஏத்திட்டன்" என்றார்.

அண்ணன் இந்நேரம் லண்டனில் இறங்கியிருப்பான் என்று அன்று மாலையே சிநேகிதிகளிடம் அளந்துவிட்டேன். வீட்டில் அம்மாவோ அடுப்படிக்கும் வாசல் படலைக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். சோறு அடிப்பிடித்தது. முந்திய வருடம் பக்கத்து வீட்டு மாமியின் மகனும் இதே போல்தான் கொழும்புக்குப் புறப்பட்டார். வழியில் ஆமிக்காரர் சோதனைக்கென்று இறக்கினார்கள். திரும்பி பஸ்ஸில் ஏறவேயில்லை. அந்த மாமி எங்கள் படலையடிக்கு வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

அண்ணன் கொழும்பில் ஒரு லொட்ஜில் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தான். நாட்கள் இழுபட்டன. அப்பா தினமும் அக்கரைக்குப் போய், களுவாஞ்சிகுடியில் போன் கடை வாசலில் குந்தியிருந்துவிட்டு வருவார். தோணி கண்ணில் பட்டதுமே அம்மா கரைக்கு ஓடுவாள்.

"என்னவாம்?"

"லொட்ஜிலதான் நிக்கிறானாம்."

"லொட்ஜுக்குப் பொலிஸ் செக்கிங் வந்ததாமா?"

"வந்ததாம். விசாரிச்சுப்போட்டு விட்டுட்டாங்களாம்."

நான் இடையில் புகுந்து, "பிளேன் கடலுக்க விழுந்தா என்னம்மா செய்யிற?" என்று கேட்டேன்.

"சும்மா இரி புள்ள" என்றாள், என்னைப் பாராமலே.

ஒருநாள் அப்பா வழமையைவிட முந்தி வந்தார். தோணி கரை தட்டுமுன்னமே தண்ணீருக்குள் குதித்து, "ஏறிட்டான்! பிளேன் வெளிக்கிட்டுட்டாம்!" என்று கத்தினார்.

அம்மா அப்படியே மணலில் குந்திவிட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து குளித்தாள். கிடந்த சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். பாயை விரித்துப் படுத்தாள். விளக்கு வைக்கிற நேரமாகியும் எழும்பவில்லை, குறட்டைகூடக் கேட்டது.

நான் முற்றத்துக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அண்ணன் பாதி வழிகூடப் போயிருக்கமாட்டான். பொறுக்க முடியாமல் போய் அம்மாவை உலுக்கினேன்.

"எழும்புங்கம்மா, அண்ணன் இன்னும் இறங்கயில்ல."

அவள் "ம்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளை நடுவானத்தில் இருக்கும்போது ஒரு தாய்க்கு எப்படி இப்படி நித்திரை வருகிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.