பஸ் நின்றதும் இறங்கியவள்

அந்த நாட்டின் பெயரை எழுதக் கூடாது என்று சுஹைரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி இன்னமும் அங்கேதான் இருக்கிறான். இன்னொரு தடவை போக அவளுக்கும் ஆசை இருக்கிறது. ஆகவே பெயர் வேண்டாம். குளிர் நாடு, யாரையும் லேசில் உள்ளே விடாத நாடு என்று தெரிந்தால் போதும். உள்ளே வந்தவரை லேசில் வெளியே விடாத நாடு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிண்ணியாவில் சுஹைராவைத் தெரியாதவர்கள் குறைவு. தயிர்க்காரி. உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் இனிப்புப் பாணியோடு குழைத்துத் தின்கிற எருமைத் தயிரில் பாதி அவள் வீட்டு முற்றத்திலிருந்து போவதுதான். கணவர் ஸைனுலாப்தீன் மாடுகளைப் பார்க்கிறார், அவள் மனிதர்களைப் பார்க்கிறாள். இதில் எது கஷ்டமான வேலை என்ற வாக்குவாதம் அந்த வீட்டில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்த வியாபாரத்தை அவள் தொடங்கியது தம்பி ஜவ்பரோடுதான். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம், யுத்தமும் நடந்த காலம். ஆற்றைப் படகில் கடந்து, பஸ் பிடித்து, திருகோணமலைச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் சோதனைச் சாவடிகள் வந்துவிடும். பஸ் நிற்கும். எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். சோதித்து முடித்த வெறும் பஸ் பிறகு வந்து ஏற்றிக்கொள்ளும். யாரும் இறங்கச் சொல்லிக் காத்திருப்பதில்லை. பஸ் நின்றால் கால் தானாக இறங்கும்.

ஜவ்பரின் இரண்டு கையிலும் கயிற்றில் அடுக்கிக் கட்டிய தயிர்ச்சட்டிகள் இருக்கும். அட்டையை எந்தக் கையால் காட்டுவது? பல்லால் கவ்விக்கொள்வான். இராணுவக்காரன் அவன் வாயிலிருந்தே அதை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாயில் சொருகுவான். “நாய்க்குட்டி மாதிரி” என்று சுஹைரா சிரிப்பாள். உம்மாவுக்கோ அருவருப்பு. ஊரான் தொட்ட அட்டையை வாயில் வைக்கிறானே என்று தினமும் ஏசுவா. அட்டையின் ஒரு மூலையில் பல் அடையாளம் விழுந்துபோயிருந்தது. சில நாட்களில் சட்டிக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். அந்தத் தயிரை விற்க ஏலாது. வழியில் உட்கார்ந்து அக்காவும் தம்பியும் கையால் அள்ளித் தின்று தீர்ப்பார்கள். அந்த நாட்களில்தான் வயிறு நிறைந்தது என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

ஜவ்பர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டப் பழகினான். அந்தக் குளிர் நாட்டில் புதுத் துறைமுகம் கட்ட ஆள் எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவன் அங்கேயே ஒருத்தியைக் கல்யாணம் செய்து, அவளுக்காக அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தான். அதோடு கதை முடிந்தது. அங்கே குடிமகன் வெளியே போவதற்கு அனுமதி கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால், அது போதாது என்பார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோதும் போதவில்லை, உம்மா மௌத்தானபோதும் போதவில்லை.

மாதம் ஒரு முறை டெலிபோன் கந்தோருக்குப் போய் அக்காவோடு பேசுவான். முகம் பார்த்துப் பேசுகிற வசதியெல்லாம் அங்கே தடை. இரண்டு தடவை கடிதத்தில் போட்டோ வைத்து அனுப்பினான். கடிதம் வந்தது, போட்டோ வரவில்லை. இருபத்தைந்து வருடமாக அவளுக்குத் தம்பி என்றால் ஒரு குரல்தான்.

போன வருடம் அந்தக் குரல், “ராத்தா, எனக்கு வர ஏலாது. நீங்க வர ஏலுமா?” என்று கேட்டது.

சுஹைரா ஒற்றைக்காலில் நின்றாள். “அவன்ட முகத்த ஒருக்காக் கண்டாப் போதும். நாளைக்கு றோட்டில கண்டாலும் ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாத தம்பி எனக்கெதுக்கு?” என்று ஸைனுலாப்தீனிடம் அழுதாள். அவர் மாடு ஒன்றை விற்றுக் கையில் கொடுத்தார்.

திருகோணமலை டவுனில் உம்றாவுக்கு ஆள் அனுப்புகிற அன்ஸாரிடம் போனாள். மக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விசா எடுத்துத் தருகிறவன், இந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ராத்தா, இது கடைக்குப் போற மாதிரி இல்ல. முதல்ல அவர் அங்கயிருந்து அழைப்புக் கடிதம் எடுக்கோணும். அத அவங்கட பொலிஸ் பார்க்கும், மந்திரி கந்தோர் பார்க்கும். தனியாப் போக ஏலாது, கூட்டத்தோடதான். தம்பிட வீட்டில தங்கவும் ஏலாது. ஹோட்டல் வாசல்ல ரெண்டு மணித்தியாலம் சந்திக்கலாம், பக்கத்தில அவங்கட ஆள் இருக்கும்.”

“இருக்கட்டும். நான் என்ன களவாக் கதைக்கப் போறனா?”

அதற்குப் பிறகுதான் கூத்து. விசாவுக்கு எடுக்கிற படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். ஸ்டூடியோக்காரி றுஷ்தா, கடையில் நின்ற ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் மடித்துச் சொருகி எடுத்துக் கொடுத்தாள். விண்ணப்பத்தில் தொழில் தயிர் வியாபாரம் என்று எழுதியதற்கு, அது எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்று கேள்வி வந்தது. சொந்த வியாபாரம் என்று பதில் போனது. அப்படியானால் உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று திரும்பக் கேட்டார்கள். புருஷன் ஒருவர் என்று எழுதச் சொன்னாள். ஸைனுலாப்தீன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாலில் செய்த எதுவும் கொண்டுபோகக் கூடாது, வீட்டில் செய்த பண்டம் எதுவும் கூடாது. தம்பியைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. துறைமுகத்தைப் படம் பிடிக்கக் கூடாது, சீருடைக்காரரைப் படம் பிடிக்கக் கூடாது. இவற்றை அன்ஸார் மிரட்டுகிற குரலில் வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் கடைசியாக அவன் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

“நீங்க ஒரு பிழை விட்டா, உங்களுக்கு விசா போகும். அதோட விடமாட்டாங்க. கூப்பிட்டவரையும் பிடிச்சுக் கேப்பாங்க. கவனம் ராத்தா.”

கொழும்பிலிருந்து புறப்பட்ட கூட்டத்தில் தமிழ் பேசுகிறவள் நிரோஜினி ஒருத்திதான். வெள்ளவத்தைப் பிள்ளை, வங்கியில் வேலை, லீவு கிடைத்தால் யாரும் போகாத நாடாகப் பார்த்துப் போகிறவள். விமானத்திலேயே சுஹைராவை “அன்ரி” ஆக்கிக்கொண்டு, வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் தமிழில் சொல்லித் தந்தாள். வழிகாட்டி சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட, சிரிக்காத பெண். ஆட்களை எண்ணுவதே அவளுக்கு வேலை. ஏறும்போது எண்ணுவாள், இறங்கும்போது எண்ணுவாள், சாப்பாட்டு மேசையிலும் எண்ணுவாள்.

இரண்டாம் நாள் பஸ் தலைநகரை விட்டு, ஜவ்பர் இருக்கிற துறைமுகப் பட்டணத்துக்குப் புறப்பட்டது. மறுநாள் பின்னேரம் சந்திப்பு. முந்திய இரவு சுஹைரா கண்மூடவில்லை. பஸ்ஸின் சூட்டில் அயர்ந்து தூங்கிவிட்டாள். முன்னால் சோதனைச் சாவடி வருகிறது, வழிகாட்டி மட்டும் இறங்கிப் போவாள், வேறு யாரும் அசையக் கூடாது என்று அறிவித்தது அவள் காதில் விழவேயில்லை. தூங்குகிறவளை எழுப்ப நிரோஜினிக்கும் மனம் வரவில்லை.

பிரேக் பிடித்த சத்தத்தில் விழித்தாள். கண்ணாடிக்கு வெளியே குறுக்குத் தடி, மண்மூட்டை, துப்பாக்கி. பக்கத்தில் நின்ற உள்ளூர் பஸ்ஸிலிருந்து சனங்கள் மூட்டையோடு இறங்கி வரிசையில் நிற்கிறார்கள். அதற்குமேல் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. பையை எடுத்தாள், சிப்பைத் திறந்தாள், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தாள், வழிகாட்டி இறங்கிப்போன கதவால் இறங்கினாள். பெண்களின் வரிசை எது என்று பார்த்து அதில் போய் நின்றாள். முன்னால் நின்ற கிழவி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். சோதிக்கிற பொடியன் திறந்த பைக்குள் எட்டிப் பார்த்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் போ என்று தலையாட்டினான். நடந்து அந்தப் பக்கம் போய், பஸ் வந்து ஏற்றும் என்று வீதியோரமாக நின்றுகொண்டாள்.

“அன்ரி! ஐயோ அன்ரி!” என்று நிரோஜினி கண்ணாடியில் அடித்துக் கத்தினாள். அப்போதுதான் சுஹைராவுக்கு உறைத்தது, இது கிண்ணியா வீதி இல்லை.

விசில் ஊதினார்கள். வழிகாட்டி முகம் வெளுத்து ஓடிவந்தாள். சாவடியோடு ஒட்டிய அறையில் சுஹைராவையும், மொழிபெயர்க்க நிரோஜினியையும் இருத்தினார்கள். அதிகாரி ஒருவர் வந்து அமைதியாகத்தான் கேட்டார். வழிகாட்டி அதை ஆங்கிலமாக்க, நிரோஜினி தமிழாக்கினாள்.

“உங்கள ஆர் இறங்கச் சொன்னதெண்டு கேக்கிறார், அன்ரி.”

“ஒருத்தரும் சொல்லல்ல மகள். பஸ் நிண்டா இறங்கிறதுதானே.”

“எங்க பழகினீங்களாம்?”

“எங்கட ஊர்ல.”

அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. வழிகாட்டியிடம் ஏதோ சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

நாளைய சந்திப்பு ரத்து, இன்று இரவே இவளைத் தலைநகருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், அழைத்தவரை இங்கே வரச்சொல்லி ஆள் போயிருக்கிறது என்று நிரோஜினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். பார்க்க வந்தவள் தம்பியின் தலையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று சுஹைரா தன்னையே ஏசிக்கொண்டாள். அவனுடைய வேலை போய்விடுமோ, அவனைப் பிடித்து அடைப்பார்களோ என்று நினைக்க நினைக்க அழுகையும் வரவில்லை. முகத்தைப் பார்க்காமலே போனாலும் பரவாயில்லை, அவனுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று துஆக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் கதவு திறந்தது. காவலுக்கு நின்றவன் ஒரு ஆளை உள்ளே விட்டான். மயிர்த் தொப்பி, தடித்த கோட்டு, நரைத்த மீசை, தொந்தி. அந்த நாட்டுக்காரன் யாரோ என்றுதான் சுஹைரா நினைத்தாள். கூடவே ஜவ்பரும் வருகிறானா என்று அந்த ஆளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை.

பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தாள். பிடிபட்ட வீட்டாளுக்குச் சாப்பாடு கொண்டு ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்த ஆளின் ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல், மறு கையில் துணியில் கட்டிய சட்டி. கையில் இடமில்லாததால் அடையாள அட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு நின்றான்.

பேச வாயில்லாமல் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுஹைரா எழும்பிப் போய் அந்த அட்டையை அவன் வாயிலிருந்து எடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவனால் ராத்தா என்று கூப்பிட முடிந்தது.