இரண்டாவது சடை

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் உட்கார்ந்திருந்தேன். முடியைச் சாமியார் சடை மாதிரித் திரித்து 'லாக்ஸ்' போட்டு மூன்று மாதமாகிறது, வேர்ப்பக்கம் தளர்ந்துவிட்டது. குரோஷே கொக்கி ஊசியால் அதை இறுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பெங்களூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவளாம். "இதுக்கு முன்னாடி லாக்ஸ் போட்டிருக்கீங்களா மேடம்?" என்றாள். "ஒரு தடவ போட்டிருக்கேன். அப்ப போட்டுவிட்டது காளியாத்தா" என்றேன். அது ஏதோ போட்டி பார்லர் என்று நினைத்துவிட்டாள் போல. "எங்க மேடம், திண்டிவனத்துலயா?" என்று கேட்டாள்.

திண்டிவனத்தில்தான். ஆனால் கதையை அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. முதலில் என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தலையில் இருப்பது சாதாரணச் சுருட்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்காரிகள் பென்சிலைச் செருகிவிடுவார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் அகப்படும். ஒருமுறை அரைப் பிடி மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், கொட்டியது. இந்தக் காட்டை நடுவகிடு எடுத்துப் பிரித்து, இரண்டு பின்னலாக்கி, மடித்து ரிப்பன் கட்டி அனுப்புவது அம்மாவின் காலை வேலை. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். மணிக்கணக்கில் மெஷின் மிதிப்பவளுக்கு வராத மூச்சிரைப்பு என் தலையை வாரும்போது வரும். "எந்த நேரத்துல பெத்தேனோ" என்று ஒரு இழுப்பு. "உங்கப்பன் வழிடி இது" என்று இன்னொரு இழுப்பு. மாதத்துக்கு ஒரு சீப்பாவது உடையும்.

பார்லரில் கற்றாழை ஜெல்லின் வாசனை வந்தபோது எனக்கு நல்லெண்ணெய் வாசனைதான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தலையில் யாராவது கை வைத்தால் எனக்கு நல்லெண்ணெய் மணக்கும், அவ்வளவுதான்.

இருபத்துமூன்று வயதில் எனக்கு டைஃபாய்டு வந்தது. விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம். ஆறு வாரம் படுக்கை, குளியல் கிடையாது, தலை வாரலும் கிடையாது. எழுந்து உட்கார்ந்தபோது பிடரியில் கட்டைவிரல் தடிமனுக்கு மூன்று சடைகள் திரண்டிருந்தன. அம்மா கிண்ணம் நிறைய நல்லெண்ணெயோடு போருக்குக் கிளம்பினாள். மூன்றாவது சீப்பு உடைந்த நேரத்தில் எதிர்வீட்டுப் பூங்காவனத்தக்கா உள்ளே வந்தாள்.

"அடியே அலமேலு, சீப்ப கீழ வை. அது சிக்கு இல்ல. அவ வந்து உக்காந்துகினா."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. தானாக விழுந்த சடை அம்மன் கொடுத்தது, அதை வெட்டினால் வெட்டினவளுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லாத விஷயம். எண்ணெய்க் கிண்ணம் உள்ளே போனது, மஞ்சளும் குங்குமமும் வெளியே வந்தன. பௌர்ணமிக்குத் திருவக்கரைக்கு அழைத்துப்போய் வக்கிரகாளி முன்னால் நிறுத்தினாள். வரும் வழியில் கல்மரங்களையும் பார்த்தோம். அந்த மரங்கள் கல்லாக எத்தனையோ லட்சம் வருஷம் ஆனதாம். என் முடிக்கு ஆறு வாரம் போதுமாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. காலை பஸ்ஸில் கண்டக்டர், "சாமி ஏறுது, கொஞ்சம் வழி வுடுங்கப்பா" என்பார். ஜன்னலோர சீட்டு காலியாகும். ஐந்து நிமிஷம் தாமதத்துக்கே ஆட்டம் போடும் கடை முதலாளி, பிடரியைப் பார்த்ததிலிருந்து என்னை 'ங்க' போட்டுப் பேசினார். செவ்வாய், வெள்ளி லீவு. கேட்டால் "அவ வேணாங்கறா" என்பேன். அதற்கு மேல் எந்த முதலாளி கேள்வி கேட்பார்?

சிக்கல் கொட்டாவியில் ஆரம்பித்தது. அருள் வருவதற்கு முன்னால் கொட்டாவி வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ராத்திரி தூக்கம் போதாமல் வந்தது. பஸ்ஸில் வாயைத் திறந்தேன், பக்கத்து சீட்டிலிருந்த யாரோ ஒரு பெண் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எம் பையனுக்கு வேலை கெடைக்குமா தாயீ?" என்றாள். பாதிக் கொட்டாவியில் வேறென்ன சொல்வது, "கெடைக்கும்" என்றேன். பாழாய்ப்போன அந்தப் பையனுக்கு அடுத்த வாரமே வேலை கிடைத்துத் தொலைத்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

நானும் சளைக்கவில்லை. கல்யாணம் தையில் நடக்கும், மாடு தானாக வீடு திரும்பும் என்றெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னேன். அம்மா திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நிற்பாள். அவள் என்னை நம்பவில்லை, சடையை நம்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் தன் மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பெண் குழந்தை. மூன்று நாளாகக் காய்ச்சல், காலையில் ஒருமுறை வெட்டி இழுத்ததாம். தொட்டேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. கண் சொருகியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்றேன்.

"அது நீ சொல்றது. அவ இன்னும் சொல்லலியே. வரட்டும், நான் உக்காந்துகினு இருக்கேன்."

"நான் சாமியே இல்லம்மா. டைஃபாய்டுல வுழுந்த சிக்கு இது."

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சோதிக்காத தாயே."

பொய் சொன்னபோது நம்பியவர்கள் உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டோம் என்றார்கள். சரி, அம்மன் குரலிலேயே சொல்லிவிடலாம் என்று கொட்டாவி விடப் பார்த்தேன். வரவில்லை. தாடை வலிக்க வாயைத் திறந்தேன், காற்றுதான் போனது. பயத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. குழந்தையின் கை ஒருமுறை வெட்டியது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள். ஜாக்கெட் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தாள். அதில் காகிதம் வெட்டினால்கூட முதுகில் ஒன்று வைப்பாள். என் பின்னால் நின்றாள். முதல் சடையைப் பிடித்துத் தூக்கினாள். "எதுனா ஆனா என்னோட போவட்டும்" என்று முணுமுணுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சடைகள் தரையில் விழுந்தன.

"இந்தா பாரு, இப்ப இங்க சாமி இல்ல. வெறும் பொண்ணுதான். ஜல்தியா கெளம்பு" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்று முழுக்க அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்தாள்.

முதலாளி மறுபடி 'வா, போ'வுக்கு வந்தார். பிற்பாடு கல்யாணத்துக்காக முடியை இஸ்திரி போட்ட மாதிரி நேராக்கிக்கொண்டேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "வைக்கோலு கணக்கா கீது" என்றாள். பார்லர் நாற்றம் ஒரு வாரம் போகவில்லை, சுருட்டை ஆறே மாதத்தில் திரும்பிவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் அந்த வெள்ளிக்கிழமை முடியவே இல்லை. மிக்ஸி புகைந்தாலும் சரி, மூட்டு வலித்தாலும் சரி, "அன்னைக்கு வெட்டுனேன் இல்ல, அதான்" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் கேட்டேன், "அவ்ளோ பயம்னா ஏம்மா வெட்டுன?"

"பயம் எம்பாடு. அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சு?" என்றாள். அப்புறம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "திரும்ப வந்தா திரும்ப வெட்டுவேன்" என்றாள்.

அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகுதான் இந்தச் சடை. எனக்கு முடி வாரத் தெரியாது என்பதுதான் காரணம், வெளியே ஸ்டைல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பார்லரிலிருந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு வரை நின்றுகொண்டே வந்தேன். நடுவில் நல்ல கொட்டாவி ஒன்று வந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் மட்டும், "ஆன்ட்டி, செம லுக்கு. எந்தப் பார்லர்?" என்று கேட்டுவிட்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தாள். சீட் தரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். கத்தரிக்கோல் இன்னும் கூராகத்தான் இருக்கிறது. சடை திரும்ப வந்துவிட்டது, அம்மாதான் வரவில்லை.