படிவத்தில் இல்லாத கையெழுத்து

மிஷன் பெண்கள் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருக்கும் ஜோசபினுக்கு மதுரைப் பெற்றோர்கள் மத்தியில் ஒரு பெயர் உண்டு. அவள் கைக்குப் போன விண்ணப்பம் ஒரே நடையில் தேறியதாகச் சரித்திரம் இல்லை. தேதி விட்டுப்போயிருந்தால் திரும்பும். அப்பா கையெழுத்து இல்லாவிட்டால் பேச்சே இல்லை. "அம்மா போட்டா செல்லாதாக்கும்?" என்று ஜன்னலுக்கு வெளியே யாராவது கேட்டால், "ரூல்ஸ்மா, நான் என்ன செய்ய?" என்பாள். குரலை உயர்த்தமாட்டாள். ஜன்னலுக்கு உள்பக்கம் இருப்பவளுக்கு அதற்குத் தேவையும் இல்லை.

நாற்பத்தொரு வயதில், ஒரு மார்ச் மாதத்தில், அவள் இன்னொரு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் போய் நின்றாள்.

தம்பி பெனடிக்ட் வாடிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பத்து மூன்று வயதில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்த இடம் இரண்டாவது தடவையாக அடைத்துக்கொண்டதும், கழுத்தில் குழாய் செருகி ஓட்டினார்கள். அதில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருந்தார்கள், வரிசை நீளம். அம்மா இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. மிஞ்சியது அக்கா.

பொருத்தம் பார்த்த முடிவு வந்த அன்று மருத்துவர் சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். "ஆறுக்கு ஆறும்மா. கூடப்பிறந்தவங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்." முன்பு மாதிரி விலாவில் ஒரு சாண் கிழிக்க வேண்டியதில்லையாம். வயிற்றில் சின்னத் துளைகள், அடிவயிற்றில் ஒரு சிறு கீறல். ஒரு வாரத்துக்குள் வீடு.

"அக்கா, ஒன் கிட்னிய வச்சா நானும் பிள்ளைக நோட்டையெல்லாம் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சிருவேனோ?" என்றான் பெனடிக்ட்.

"வாய மூடு. குடிக்கிற தண்ணிய அளந்து குடி."

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் சூரியபிரகாஷ் கோப்பைப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கு மேடம். சார் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. என் மனைவி குடுக்குறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர்."

"அவரு போடலைன்னா?"

"ரூல்ஸ் மேடம். நான் என்ன செய்ய?"

அது அவளுடைய குரல். அதே இறக்கம், அதே பணிவு. அப்போது அதை அவள் கவனிக்கவில்லை.

அவள் கணவர் ஆல்பின் கெட்டவர் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். குடிக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை கோவில் தவறாது. சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு ஜெனிஷாவுக்கு ஒண்ணுன்னா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நாம பெத்த பதினாறு வயசுப் பிள்ளைக்கு நீங்களே எழுதி வைக்காதீங்க."

"லிஸ்ட்ல பெனடிக்ட் பேரு இருக்குல்ல? ஜெபம் பண்ணுவோம் ஜோசி."

"ஜெபத்துக்கு ஒங்க கையெழுத்த யாரும் கேக்கலங்க. இதுக்குத்தான் கேக்குறாங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டார்: "நான் போடலைன்னா அவுங்க செய்யமாட்டாங்கள்ல?" கேட்டபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. மறுக்க வேண்டிய வேலையை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். பதினெட்டு வருடத்தில் ஜோசபினுக்கு அவர்மேல் வராத கோபம் அந்த நிம்மதியைப் பார்த்ததும் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பாண்டியம்மாள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் புருஷன் முத்திருளன் தன் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறார். அடுத்த வாரம் அறுவை.

"ஒங்ககிட்ட லெட்டர் வாங்குனாங்களா?" என்று ஜோசபின் கேட்டாள்.

"என்னா லெட்டரு?"

"ஒங்க வீட்டுக்காரர் குடுக்குறதுல ஒங்களுக்குச் சம்மதம்னு."

பாண்டியம்மாள் சிரித்தாள். "எங்கிட்டயா? அவரு வகுறு, அவரு குடுக்குறாரு. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு வேற வந்தேன் தாயி. டீ வாங்கிட்டு வரத்தான் கூப்புட்டாக."

ஜோசபின் சிரிக்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்து படிவத்தின் நகலைப் படித்தாள். மற்றவர்களின் படிவங்களில் ஓட்டை தேடியே பழகிய கண். கொடுப்பவரின் பெயர், உறவு, சாட்சி, சான்று. கணவரின் சம்மதத்துக்கு ஒரு கோடு, ஒரு கட்டம், எங்கும் இல்லை. வீட்டுக்கு வந்து உறுப்பு மாற்றுச் சட்டத்தையும் இணையத்திலிருந்து இறக்கிப் படித்தாள். அதிலும் இல்லை.

அப்போதுதான் பாண்டீஸ்வரி நினைவுக்கு வந்தாள். போன ஜூனில் மகளின் மாற்றுச் சான்றிதழுக்கு மூன்று தடவை வந்த தாய். புருஷன் திருப்பூர் போனவன் திரும்பவில்லை. மூன்று தடவையும் "அப்பா கையெழுத்து" என்று திருப்பி அனுப்பியது ஜோசபின்தான். மறுநாள் பள்ளியில் அந்தப் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்றுதான் அச்சிட்டிருந்தது. அப்பா என்ற சொல்லே அதில் கிடையாது.

அதில் எழுதியிருந்த எண்ணை அழைத்தாள்.

"இப்ப எதுக்கு டீச்சர்?" என்றாள் பாண்டீஸ்வரி. "பிள்ள ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறா. ரூல்ஸுன்னு சொன்னீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

"தப்பு எம்பேருல பாண்டீஸ்வரி. சர்டிபிகேட்ட நானே கொண்டாந்து தாரேன். ஜூன்ல சேத்துருவோம்."

"அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஜோசபின் ஒரு மனு தட்டச்சு செய்தாள். கணவரின் சம்மதக் கடிதம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கப்படுகிறது? அது இல்லாததால் கோப்பு நிறுத்தப்பட்டதாயின் அதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். இரண்டு பிரதி.

சூரியபிரகாஷ் படித்துவிட்டு நெளிந்தார். "எழுத்துல எதுக்கு மேடம்? பேசிக்கலாமே."

"பேசியாச்சு தம்பி. பெற்றுக்கொண்டேன்னு சீல் வச்சு ஒரு காப்பி குடுங்க."

"பின்னாடி சார் வந்து சத்தம் போட்டா எங்களுக்குத்தான மேடம் பிரச்சனை?"

"எந்தம்பி செத்தா நான் வந்து சத்தம் போடுவேன். அது பிரச்சனையில்லையா?"

சீல் விழுந்தது. பதில் வரவில்லை. பத்தாம் நாள் பெனடிக்டுக்குக் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறி, குளிர்க்காய்ச்சலில் கட்டிலே ஆடியது. பதினோரு நாள் உள்ளே கிடந்தான். ஆறுக்கு ஆறு பொருந்திய சிறுநீரகம் நடைபாதையில் காத்துக் கிடந்தது, உயிரோடு, பிளாஸ்க்கில் கஞ்சியோடு. காய்ச்சலை விடவும் அந்தப் பதினோரு நாளைத்தான் ஜோசபினால் மன்னிக்க முடியவில்லை.

அவன் தேறியதும் அடுத்த மனுவை எழுதினாள். இந்தத் தடவை மேலதிகாரிகளுக்கும் நகல் போட்டாள். நான்காம் நாள், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் குழு அவளை விசாரணைக்கு அழைத்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர், ஓரத்தில் ஒரு கேமரா. நடுவில் இருந்த பெரிய மருத்துவர் கேட்டார்: "வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"மாட்டேங்கிறாரு சார்."

"பின்னால குடும்பத்துல பிரச்சனை வந்தா? அவரைக் கூட்டிட்டு வாங்களேன், நாங்க பேசுறோம்."

"இந்தக் கால் மணி நேரத்துல அவரப் பத்தி ஒம்பது தடவை கேட்டுட்டீங்க. குடுக்குறது நான். வலிக்குமான்னு தெரியுமா, பயமா இருக்கான்னு எங்கிட்ட இன்னும் ஒருத்தரும் கேக்கல."

கடைசியில் இருந்த பெண் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு மேடம்" என்றாள் ஜோசபின். "ஆனா குடுப்பேன்."

அதற்குப் பிறகுதான் விசாரணை அவளைப் பற்றியதாக ஆனது. அனுமதி ஒரு வாரத்தில் வந்தது.

அட்மிஷன் அன்று காலை ஆல்பின் தேய்த்த சட்டையோடு வந்து நின்றார், பையில் பேனா. ஜெனிஷா இரண்டு நாளாக அவரிடம் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. ஜோசபினைப் பார்க்காமல் சூரியபிரகாஷிடம் கேட்டார்: "எங்க போடணும்?"

சூரியபிரகாஷ் ஜோசபினைப் பார்த்தார். அவள் கோப்பை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஆல்பினுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இதுல ஒங்களுக்கு இடமில்லங்க" என்றாள். "தம்பி அந்தா அந்த ரூம்ல தனியாக் கெடக்கான். போய்க் கூட உக்காருங்க."