சோணையம்மாள் கேட்கவைத்த கேள்வி

போன வாரம் சோணையம்மாள் இறந்துபோனார். துட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தர், "பாவம், ஏலத் தோட்டத்துலயே கெடந்து காலத்த ஓட்டிருச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவுதானா அந்த அம்மா? சட்டசபையில் ஒரு மந்திரியை எழுந்து நின்று பதில் சொல்ல வைத்தவர் ஐயா! துட்டி வீட்டில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழில் கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கதவு, சிவப்பு எண் ஓடும் மீட்டர், உள்ளே ஒரு ஆள் நின்றாலே வேர்த்துக் கொட்டும் பெட்டி. விடியும்போதே திறந்துவிடுவேன். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அந்நேரம்தான் கூடுவார்கள். தூக்குவாளி, தலைத்துண்டு, வாய் நிறைய வெற்றிலை, ஊர்வம்பு. இன்றைக்கு அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, ஆளாளுக்குக் காதில் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிறார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் பெரிய தொண்டை சோணையம்மாளுடையது. பண்ணைப்புரத்தில் பிறந்து கம்பத்தில் வாக்கப்பட்டவர். ஊரே என்னை பாய் என்று கூப்பிடும். அவருக்கு மட்டும் நான் "ஏலே ஷானவாசு".

அவருடைய கூட்டாளி ராக்கம்மாள். பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் ஜீப் நிறைந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் ஒருத்தர் மடியில் ஒருத்தர். பிந்தி வந்தவர்கள் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். ராக்கம்மாள் தினமும் தொங்கினாள். ஒரு மழை நாளில் மலைப்பாதையில் கம்பம்மெட்டு வளைவில் கை வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்துபோனது.

எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. தூக்குவாளியோடு ஸ்டாண்டுக்கு வருவாள், ஜீப்பில் கையை வைப்பாள், ஏறாமல் திரும்பிப் போய்விடுவாள். தோட்ட வேலையை விட்டால் அவளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை. "பஸ்ஸுன்னா ஏறிருவேன்க்கா" என்று ஒருநாள் என் பூத் வாசலில் நின்று அழுதாள்.

அன்றைக்கே சோணையம்மாள் எங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தொடரில், தோட்டத் தொழிலாளர்களுக்குக் காலையில் பேருந்து விட அரசு ஆவன செய்யுமா என்று கேள்வி கேட்டார். "ஆவன செய்யப்படும்" என்று மந்திரி பதில் சொன்னார். சேதி என் பூத்துக்குத்தான் வந்தது. நான் வெளியே ஓடிவந்து கத்தினேன். வெடி போட்டோம், மிட்டாய் கொடுத்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். பெண்களெல்லாம் சேர்ந்து ஜீப் டிரைவர் தங்கப்பாண்டியனிடம், "நாளைல இருந்து ஒன் வண்டி எங்களுக்கு வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்கள்! சட்டசபையில் மந்திரி சொன்னால் மறுநாள் பஸ் வரும் என்று நம்பினோம். நானும்தான்.

விடிந்ததும் எல்லோரும் ரோட்டோரம் நின்றார்கள். ராக்கம்மாள் தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். வெயில் ஏறியது. பஸ் வரவில்லை. வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டுக் காலி ஜீப்போடு திரும்பி வந்த தங்கப்பாண்டியன் வண்டியை நிறுத்தி, "என்ன ஆத்தா, ஆவன பஸ்ஸு கெளம்பி வீரபாண்டி தாண்டிருச்சாமா?" என்றான். ஸ்டாண்டே சிரித்தது. ராக்கம்மாள் பூவை எடுத்துத் தூக்குவாளிக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

எம்.எல்.ஏ. ஊருக்கு வந்ததும் சோணையம்மாள் போனார். துணைக்கு நானும் போனேன்.

"அய்யா, நீங்க கேட்டது கேள்வியா, வேண்டுதலா?"

"என்ன ஆத்தா இப்பிடிக் கேக்குற? செய்வீங்களான்னேன், செய்வோம்னாக."

"கோயில்ல போயி கும்புடுறவுகதான் அப்பிடிக் கேப்பாக. ராக்கு பூ வச்சுக்கிட்டு ரோட்டுல நின்னாய்யா."

அவர் முகம் மாறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சபையில கொடுத்த வாக்கு காத்துல போகாது பாய். அதைக் கவனிக்கன்னே உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா கேட்டவன் சும்மா இருந்தா அவுகளும் சும்மாதான் இருப்பாக. நான் அசந்துட்டேன். இனி என்னைக்கு வரும், ஏன் இன்னும் வரலைன்னு கேக்குறேன்."

இந்தத் தடவை கேள்வி வேறு மாதிரிப் போனது. கொடுத்த உறுதி என்ன ஆனது, பேருந்து எந்தத் தேதியில் ஓடும், தாமதத்துக்குக் காரணம் என்ன? மந்திரி சபையிலேயே வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. பதில் வந்ததும் விடாமல் துணைக் கேள்வி கேட்கலாம் என்று எம்.எல்.ஏ. எனக்கு விளக்கினார். பல மாதம் கழித்து முறை வந்தது.

அன்று விடியற்காலை பூத்தில் மணி அடித்தது. சென்னையிலிருந்து எம்.எல்.ஏ. "பாய், போன வாரத்துல இருந்தே பஸ் ஓடுதுன்னு பதில் சொல்லப் போறாகளாம். ஓடுதா?"

ஜீப் ஏறப்போன சோணையம்மாளைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தேன். சென்னைக்கே நேராகக் கேட்கும்படி கத்தினார்: "ஓடுதுய்யா! நாங்க மலைக்குப் போயி, காய் எடுத்து, கஞ்சி குடிக்க ஒக்காந்த பெறகு காலியா மேல வருது. வந்த வேகத்துல அப்பிடியே எறங்கிப் போகுது."

பொய் சொல்லாமலேயே ஏமாற்றுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் எம்.எல்.ஏ. சிரித்தது எனக்கே கேட்டது. சபையில் மந்திரி, பேருந்து இயக்கப்படுகிறது என்று வாசித்து உட்கார்ந்ததும் இவர் எழுந்தாராம். வேலைக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு கிளம்பும் பேருந்தில் ஏறப்போவது யார் என்று அமைச்சர் சொல்வாரா? எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி இரண்டும் சிரித்தனவாம். நேரம் மாற்றப்படும் என்று மந்திரி தேதியோடு சொல்ல வேண்டி வந்தது.

தேதி வந்தது. இந்தமுறை யாரும் வெடி வாங்கவில்லை, தங்கப்பாண்டியனிடமும் எதுவும் சொல்லவில்லை. இருட்டு விலகும் நேரத்தில் கம்பம்மெட்டு போர்டு போட்ட பஸ் வந்து நின்றது. சோணையம்மாள் முதல் ஆளாக ஏறி, ஜன்னல் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, ராக்கம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பூத்தைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

மலை ஏறும்வரை ஒரே பேச்சும் சிரிப்பும். அந்த வளைவு நெருங்கியதும் பஸ்ஸே அமைதியாகிவிட்டது. ராக்கம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சோணையம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணத் தொறடி ராக்கு. நீ தொங்கலடி. ஒக்காந்துருக்க."